மழைக்கு முன் படகு மோட்டார்: பெட்ரோல் ஏறவில்லை என்றால் எங்கே தேடுவது?

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அப்போது கடலோர மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்து, மாடிகளில் சிக்கியிருந்தவர்களை மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டையும் கொரட்டூரும் மறுபடி தண்ணீரில் நின்றன. கடல் வாசனையே எட்டாத அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்திலும் படகு ஒரு தேவையான பொருள்தான் என்று அந்த இரண்டு டிசம்பர்களும் காட்டிவிட்டன. நலச்சங்க ஷெட்டிலோ வீட்டுக் கார் நிறுத்துமிடத்திலோ ஒரு பழைய அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

மீனவரின் மோட்டார் அன்றாடம் கடலுக்குப் போகிறது. நம் மோட்டார் தை மாதம் தூங்கப் போனால் ஐப்பசியில்தான் எழுப்பப்படுகிறது. பழுதுகளில் பெரும்பாலானவை இந்தத் தூக்கத்தில்தான் பிறக்கின்றன. நின்ற பெட்ரோல் கெடுகிறது, ரப்பர் காய்கிறது, ஜெட் அடைகிறது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலி கண்டதும் எல்லோரும் முதலில் கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். அது கடைசியில் தொட வேண்டிய இடம். டேங்கிலிருந்து தொடங்கி, பெட்ரோல் போகும் வழியிலேயே ஒவ்வொரு கட்டமாகப் போனால் பாதிப் பழுதுகள் ஸ்பேனரே எடுக்காமல் தீர்ந்துவிடும். கீழே சொல்வதெல்லாம் கார்புரேட்டர் உள்ள, தனி டேங்க் வைத்த, 8 முதல் 25 குதிரைத்திறன் வரையான பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களுக்குப் பொருந்தும்.

1. முதலில் குறை பெட்ரோலிலா, கரண்டிலா என்று தெரிந்துகொள்ளுங்கள். பத்துப் பதினைந்து முறை இழுத்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நனைந்து சொட்டினால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் வரவில்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வருகிறது. அதற்கு 13-ஆம் குறிப்பைப் பாருங்கள். நிறுத்தும் சுவிட்சின் சிவப்புக் கயிறு அதன் இடத்தில் மாட்டியிருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

2. டேங்க் மூடியின் மேல் ஒரு சிறிய காற்றுத் திருகு இருக்கும். கொண்டுபோகும்போது மூடியிருக்க வேண்டும், ஓட்டும்போது திறந்திருக்க வேண்டும். அதைத் திறக்க மறந்தால் மோட்டார் சில நிமிடம் நன்றாக ஓடிவிட்டு மூச்சு முட்டினாற்போல் நின்றுவிடும். மூடியைத் தளர்த்தும்போது "உஸ்" என்று காற்று உள்ளே போனால் குற்றவாளி அதுதான். அவசரத்தில் அதிகம் நடப்பது இதுவே. எனவே டேங்கின் மேல் பெயிண்டால் பெரிதாக "காற்றுத் திருகு திற" என்று எழுதி வைப்பது நல்லது.

3. டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு சுத்தமான கண்ணாடி பாட்டிலில் எடுத்து, கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனிப் படலமாக ஏதாவது தங்கினால் அது தண்ணீர். பழுப்புத் தூள் தங்கினால் இரும்பு டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. உறிஞ்சு குழாயைக் கழற்றினால் அதன் நுனியில் சின்ன வலை தெரியும். துருவும் பிசினும் முதலில் அடைப்பது அந்த வலையைத்தான். துருப்பிடித்த டேங்கைக் கழுவி மீண்டும் பயன்படுத்துவதை நான் சொல்லமாட்டேன். பிளாஸ்டிக்கில் வரும் படகு டேங்க் ஒன்று வாங்குவதே மேல்.

4. இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழைய மோட்டார்களின் பல புதிய தொல்லைகளுக்கு அதுதான் காரணம். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்ற இலக்கை நாடு 2022-இல் எட்டியது. 20 சதவீதக் கலவை 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. அவுட்போர்டு தயாரிப்பாளர்களில் பெரும்பாலானோர் 10 சதவீதம் வரைதான் ஏற்கிறார்கள். முப்பது வருடத்துக்கு முன் வந்த மோட்டாரின் ரப்பர் பாகங்கள் எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவையே அல்ல. அவை ஊறி உப்பும் அல்லது காய்ந்து வெடிக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஈரம். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்கால ஈரக் காற்றில் பாதி நிறைந்த டேங்க் திறந்து கிடந்தால் ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கும். நாம் கலந்த டூ-ஸ்ட்ரோக் ஆயில் மேலே பெட்ரோலோடுதான் நிற்கும். உறிஞ்சு குழாயின் வாயோ அடியில் இருக்கிறது. மோட்டாருக்குள் போவது ஆயிலே இல்லாத திரவம். ஸ்டார்ட் ஆகாமல் போனால் அதிர்ஷ்டம். ஓடிவிட்டால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அப்படிப் பிரிந்த பெட்ரோலைக் குலுக்கிக் கலந்து சரிசெய்ய முடியாது. முழுவதையும் எடுத்துவிட வேண்டும். பெட்ரோலில் தண்ணீர் ஊற்றி எத்தனாலைப் பிரித்தெடுக்கும் வித்தையை வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். தீ அபாயம் ஒரு பக்கம். மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் குறைந்து, ஈரமும் தங்கிவிடும் என்பது இன்னொரு பக்கம்.

5. கெட்ட பெட்ரோலை மூக்கே சொல்லிவிடும். புதிய பெட்ரோலின் காரம் போய், வார்னிஷ் போன்ற புளித்த வாசனை வரும், நிறமும் கருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலை டேங்கில் ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். பழையதன் மேல் புதியதை ஊற்றிச் சமாளிப்பது, சின்னக் குறையைப் பெரிதாக்கும் வழி.

6. வேண்டாத பெட்ரோலை மழைநீர்க் கால்வாயில் ஊற்றாதீர்கள். அது அம்பத்தூர் ஏரிக்கோ கொரட்டூர் ஏரிக்கோ கூவத்துக்கோ போய்ச் சேரும்; மூடிய கால்வாயில் ஆவி தேங்கினால் தீப்பிடிக்கும். மூடியுள்ள தகர டின்னில் எடுத்துப்போய், கழிவு ஆயில் சேர்க்கும் ஒர்க்ஷாப்பில் சொல்லி ஒப்படையுங்கள்.

7. டேங்குக்கும் மோட்டாருக்கும் நடுவே குழாயில் இருக்கும் ரப்பர் பல்ப்தான் இந்த வைத்தியத்தில் நாடி பார்க்கும் இடம். அதன் இரு முனையிலும் ஒருவழி வால்வு உண்டு. மேலே பொறித்திருக்கும் அம்புக்குறி மோட்டாரைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றி மாட்டியிருந்தால் ஒரு சொட்டும் ஏறாது. மோட்டார் பக்க முனை மேலே இருக்கும்படி செங்குத்தாகப் பிடித்து அமுக்குங்கள். படுக்கையாகப் பிடித்தால் பழைய வால்வு சரியாக மூடாது. எட்டுப் பத்து அமுக்கில் பல்ப் கல் போல் இறுக வேண்டும்.

எவ்வளவு அமுக்கினாலும் இறுகவில்லையா? டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது எங்கோ காற்று உள்ளே வருகிறது, அல்லது பல்பின் வால்வு போய்விட்டது. நான்காவதாக ஒன்று உண்டு: கார்புரேட்டர் ஊசி மூடாமல் பெட்ரோல் வழிந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் மோட்டாரின் அடியில் ஈரமும் வாசனையும் இருக்கும்.

இறுகிவிட்டது, ஆனால் பிளக் காய்ந்தே இருக்கிறதா? அடைப்பு பல்புக்கு அப்பால், அதாவது மோட்டார் பக்க இணைப்பிலோ ஃபில்டரிலோ ஊசி வால்விலோ இருக்கிறது.

ஓடும்போது பல்ப் சப்பையாக ஒட்டிக்கொள்கிறதா? அடைப்பு டேங்க் பக்கம். காற்றுத் திருகு, உறிஞ்சு குழாயின் வலை, டேங்க் இணைப்பு என்று வரிசையாகப் பாருங்கள்.

வேகம் கொடுத்ததும் தளர்ந்து போகிற மோட்டார், ஒருவர் பல்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் மட்டும் ஓடுகிறதா? மோட்டாரின் பெட்ரோல் பம்ப் பலவீனமாகிவிட்டது, அல்லது குழாயில் காற்று கசிகிறது. வெள்ளத்தில் நடுவழியில் இப்படி ஆனால், அமுக்கியபடியே கரை சேரலாம். இந்த ஒன்றைப் படகில் ஏறும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். மோட்டார் சீராக ஓடும்போது பல்ப் கொஞ்சம் மெத்தென்று இருப்பது இயல்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

8. இணைப்புகளுக்குள் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அது தேய்ந்தால் பெட்ரோல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணில் படவே படாது. சந்தேகம் வந்தால் பல்புக்கும் மோட்டாருக்கும் இடையே தற்காலிகமாக ஒரு முழம் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் போட்டுப் பாருங்கள். குமிழிகள் ஓடினால் காற்று வருகிறது. சோதனை முடிந்ததும் அந்த டியூப்பைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோலில் அது சீக்கிரமே விறைத்து வெடித்துவிடும்.

9. குழாய் வெளியே பளபளவென்று இருந்து, உள்ளே உரிந்திருக்கலாம். உரிந்த தோல் உறிஞ்சும்போது மடங்கி வழியை அடைக்கும், நின்றதும் விலகிக்கொள்ளும். அதனால்தான் இந்தக் குறை வந்து வந்து போகும்; மெக்கானிக் முன்னால் மட்டும் காட்டாது. வயது தெரியாத குழாயை ஆராயாதீர்கள், பல்போடு சேர்த்து மாற்றிவிடுங்கள். தண்ணீர்க் குழாய் ஆகாது. எத்தனால் தாங்கும் பெட்ரோல் டியூப் என்று கேளுங்கள். படகுக்கானதில் எஸ்ஏஇ ஜே1527 என்று அச்சிட்டிருக்கும். துருப்பிடிக்காத கிளிப்புகளை அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் தேடலாம்.

10. மோட்டார் மூடிக்கடியில் இருக்கும் சின்ன ஃபில்டரைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கழுவி மாட்டினாலும் ஓடும். ஆனால் விலை குறைவான பொருள், புதிதே போடுங்கள்.

11. பெட்ரோல் பம்ப்: டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது கிராங்க் பெட்டிக்குள் எழும் காற்றழுத்தமே பம்பின் மெல்லிய டயாப்ரத்தை ஆட்டுகிறது. டயாப்ரம் விறைத்தால் துடிப்பு குறையும். கிழிந்தால் பெட்ரோல் நேராகக் கிராங்க் பெட்டிக்குள் போகும். புகை அதிகமாகும், ஒரு சிலிண்டரின் பிளக் மட்டும் எப்போதும் நனைந்திருக்கும்.

சோதிக்க எளிய வழி உண்டு. சிவப்புக் கயிற்றை எடுத்துவிட்டு, பிளக் வயர்களை மோட்டாரின் இரும்பில் எர்த் செய்யுங்கள். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு பாட்டிலில் விட்டு, கயிற்றை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பீச்சினாற்போல் பெட்ரோல் வர வேண்டும். இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பக்கத்தில் பீடி, விளக்கு, வெல்டிங் எதுவும் கூடாது. டயாப்ரம், கேஸ்கெட் எல்லாம் சேர்ந்த கிட் கிடைக்கும். கடைக்குப் போகும்முன் மோட்டாரைப் படகில் பிடிக்கும் கிளாம்ப் அருகே உள்ள தகட்டின் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காசிமேடு, பழவேற்காடு பக்கம் இந்த மோட்டார்களோடே வாழ்க்கை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குள் பைக் மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதைவிட அங்கே ஒரு நடை போய்வருவது பலன் தரும்.

12. இப்போது கார்புரேட்டர். கழற்றுமுன் அதன் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிதிருகைத் தளர்த்தி, வருவதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். நீர்த்துளி, பழுப்புத் தூள், பிசின் எது இருந்தாலும் வெள்ளையில் தெரிந்துவிடும். சில நேரம் இந்த வடிப்போடு வேலை முடிந்துவிடும்.

முடியாவிட்டால், அறிகுறியை வைத்து எந்த ஜெட் என்று கண்டுபிடிக்கலாம். சோக் இழுத்தால் ஓடி, விட்டதும் மெதுவோட்டத்தில் அணைந்தால் சின்ன ஜெட் அடைந்திருக்கிறது. மெதுவாக நன்றாக ஓடி, வேகம் கூட்டினால் திணறினால் பெரிய ஜெட். கழற்றிய ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். அடைந்த துளையில் குண்டூசியையோ கம்பியையோ விடாதீர்கள். பித்தளை மிருதுவானது, துளை ஒரு மயிரிழை பெருத்தாலும் அளவு கெட்டுவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷின் ஒற்றை நாரால் துழாவி, காற்றடித்தால் போதும்.

மெதுவோட்டத் திருகை எடுக்குமுன் அது மெல்ல அடி தொடும்வரை எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். திரும்ப வைக்கும்போது அதே சுற்று. அழுத்தி முறுக்கினால் நுனி கெடும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படம் எடுத்துவைத்தால் மாட்டும்போது குழப்பமில்லை.

13. பெட்ரோல் அதிகமாக வந்து பிளக் ஊறியிருந்தால்: குழாயைக் கழற்றுங்கள், சோக்கைத் தள்ளுங்கள், பிளக்கைத் துடைத்துக் காயவிடுங்கள். பிளக் இல்லாமல், வயர்களை எர்த் செய்து சில முறை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். மறுபடி மறுபடி ஊறினால் மிதவையின் ஊசி தேய்ந்திருக்கும் அல்லது அதன் இருக்கையில் அழுக்கு உட்கார்ந்திருக்கும்.

14. செகண்ட்-ஹேண்டில் வாங்கிய மோட்டார் கடற்கரையிலிருந்து வந்ததா? அப்படியானால் அது மண்ணெண்ணெய் மோட்டாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகை மீனவர் படகுகளில் உண்டு. மாற்றும் வால்வு மண்ணெண்ணெய்ப் பக்கம் நின்றால் குளிர்ந்த மோட்டார் எத்தனை இழுத்தாலும் கிளம்பாது. நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓடவிட்டால்தான் அடுத்த முறை கார்புரேட்டரில் பெட்ரோல் காத்திருக்கும்.

15. ஆயில் கலவையைக் கண் மதிப்பில் விடாதீர்கள். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 12 லிட்டருக்கு 240 மில்லி. சில பழைய மோட்டார்களுக்கு 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. உங்கள் மோட்டாருக்கு எது என்பதைக் கையேட்டிலோ தகட்டிலோ பாருங்கள். முதலில் கொஞ்சம் பெட்ரோலில் ஆயிலை ஊற்றிக் குலுக்கி, பிறகு மீதியை நிரப்புங்கள். பைக் டூ-ஸ்ட்ரோக் ஆயில் காற்றால் குளிரும் இன்ஜினுக்கானது. தண்ணீரால் குளிரும் படகு மோட்டாருக்கு டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும் ஆயிலே வேண்டும்.

16. சோதனை ஓட்டத்துக்கு ஏரி தேவையில்லை. 200 லிட்டர் டிரம்மில், புரொபெல்லருக்கு மேலே உள்ள தட்டு மூழ்கும்வரை தண்ணீர் நிரப்பி ஓட்டலாம். மோட்டார் வலுவாக நிற்க மரச்சட்டம் வேண்டும்; கியர் நியூட்ரலில் இருக்கட்டும். தண்ணீரில்லாமல் அரை நிமிடம்கூட ஓட்டாதீர்கள், தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கை கருகிவிடும். மூடியின் பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் தாரையாகப் பீச்ச வேண்டும்.

17. வெள்ளத்தில் பெட்ரோல் குறை போலவே தோன்றும் இன்னொன்று உண்டு. தெருவில் மிதக்கும் பிளாஸ்டிக் பை தண்ணீர் உறிஞ்சும் துளைகளை மூடிவிடும், அல்லது புரொபெல்லரில் சுற்றிக்கொள்ளும். மோட்டார் சூடேறித் திணறும். தாரை நின்றுவிட்டதென்றால் உடனே மோட்டாரை நிறுத்தி, தூக்கிப் பாருங்கள். பெட்ரோல் வழியைத் தொட வேண்டாம்.

18. மழை எச்சரிக்கை வந்த பிறகு பங்குக்கு ஓடினால் கிடைக்காமல் போகலாம். 2015-இல் பங்குகள் காலியாகி, திறந்திருந்தவற்றில் நீண்ட வரிசை நின்றதைப் பார்த்தோம். அதற்காக வீடெல்லாம் பெட்ரோல் சேர்க்கவும் கூடாது. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கல்லாமல் உரிமமின்றி ஒருவர் வைத்திருக்கக்கூடிய பெட்ரோல் மொத்தம் 30 லிட்டர். இறுக மூடிய உலோக கேனில், ஒரு கேன் 25 லிட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். குடத்திலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஒருபோதும் வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் மாடிப்படிக்கடி, சமையலறை, பூஜை அலமாரிப் பக்கம் எதுவும் ஆகாது. வெயில் படாத, காற்றோட்டமான, குழந்தைகள் போகாத வெளி இடம் தேடுங்கள்.

என் யோசனை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் 10 லிட்டர் வையுங்கள், ஆயில் கலக்காமல். ஒவ்வொரு மாதமும் அதை பைக்கில் ஊற்றித் தீர்த்துவிட்டு, புதிதாக வாங்கி நிரப்புங்கள். படகு கிளம்பும் நேரத்தில் ஆயில் கலந்துகொண்டால் போதும். ஆயில் கலந்துவிட்ட பெட்ரோல் இன்றைய ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிக்கு ஆகாது.

19. மழைக்காலம் முடிந்து மோட்டாரை எடுத்துவைக்கும்போது, டிரம்மில் நல்ல தண்ணீரில் ஓடவிட்டு, மெதுவோட்டத்தில் இருக்கும்போதே பெட்ரோல் இணைப்பைக் கழற்றுங்கள். மோட்டார் தானாக நிற்கும். பிறகு கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். டேங்கைக் காலி செய்து உலர்த்துங்கள். குழாயையும் பல்பையும் கழற்றி, வெயிலும் எலியும் எட்டாத இடத்தில் தொங்கவிடுங்கள். மோட்டாரை நிமிர்த்தியே வையுங்கள். வீட்டில் பெட்ரோல் ஜெனரேட்டர் இருந்தால் அதன் கார்புரேட்டரையும் இதே போல வடித்துவிடுங்கள்; அதற்கும் இதே நோய்தான்.

20. ஆவணி, புரட்டாசியிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாகம் தேட அப்போதுதான் அவகாசம் இருக்கும். படகோடு போகும் பெட்டியில் இரண்டு பிளக், பிளக் ஸ்பேனர், ஒரு ஃபில்டர், பல்போடு கூடிய முழுக் குழாய், இணைப்பு ரப்பர் வளையங்கள், நான்கு கிளிப், ஸ்குரூடிரைவர், ஸ்டார்ட்டர் கயிறு, டார்ச், இரண்டு துடுப்பு இருக்கட்டும். மோட்டார் மூடியின் உட்புறத்தில் ஒரு அட்டை ஒட்டி, ஆயில் கலவை அளவு, பிளக் எண், மெதுவோட்டத் திருகின் சுற்று, ஃபில்டர் மாற்றிய மாதம், கடைசியாக ஓட்டிய தேதி எல்லாவற்றையும் அழியாத மையில் எழுதுங்கள். வெள்ளம் வரும் இரவில் அந்த மோட்டாரைக் கிளப்பப் போகிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.